தாழ்ந்த இமையை உயர்த்திய பின்

ஒருவர் மற்றொருவரை அன்போடு பேணுவதைக் கண்டால், 'கண்ணை இமை காப்பது போல' என்று உவமை கூறுவது நம்மவர் வழக்கம். பண்டை இலக்கண நூலார், எழுத்து ஒலிக்கும் கால அளவாகிய மாத்திரையைக் கூடக் கண் இமைக்கும் பொழுதைக் கொண்டே வரையறுத்தனர். இத்துணைச் சிறப்பு வாய்ந்த இமை, தான் காக்க வேண்டிய கண்ணையே மறைக்கத் தொடங்குமாயின் என் செய்வது? முதுமையிலே பலருக்கு மேலிமை சிறிது சிறிதாகக் கீழிறங்கிக் கண்பாவையின் மீது கவிகின்றது. சில குழந்தைகள் தாழ்ந்த இமையுடனேயே பிறக்கின்றன. இமைத்தொய்வு எனப்படும் இக்குறையைச் சத்திரசிகிச்சையினாலே சீர்ப்படுத்தலாம் என்பது நேயர்களிற் பலர் அறிந்ததே. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது, அச்சிகிச்சை முடிந்து, நோயாளி வீட்டுக்கு வந்து, முகம் பார்க்கும் கண்ணாடியின் முன் நின்ற பின்னர் வருகின்ற சில கிழமைகளைப் பற்றியது.

அந்தக் கிழமைகளிலே இமை ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒரு நாள் தாழ்கின்றது. பின்னொரு நாள் வேண்டிய அளவுக்கு மேலும் உயர்ந்து நிற்கின்றது. காலையில் ஓர் அளவு, மாலையில் வேறோர் அளவு. இதனை முன்னரே அறியாதவர், சிகிச்சை பிழைத்துவிட்டது என்று கலங்குகின்றனர். சிலர் இமையைத் தாமே இழுத்தும் தேய்த்தும் பார்க்கின்றனர். இரண்டாம் கிழமையிலேயே வேறு வைத்தியரை நாடி, 'மீண்டும் வெட்டிச் சரிப்படுத்துங்கள்' என்று கேட்பவரும் உளர். நான் கலை பயின்றவன், வைத்தியன் அல்லன். ஆயினும் கண் வைத்தியர்களிடம் கேட்டும் நூல்களிற் படித்தும் தெரிந்துகொண்டவற்றை எடுத்துரைப்பின், இத்தகைய கலக்கம் சிலருக்கேனும் குறையும் என நம்புகின்றேன்.

முதலில் இமையின் அமைப்பைச் சுருக்கமாகக் காண்போம். மேலிமையைத் தூக்குவதற்கென்று கண்குழியின் ஆழத்திலிருந்து ஒரு தசை புறப்பட்டு, விழியின் மேலாக முன்னோக்கி வருகின்றது. முன்னே வர வர அது மெல்லிய நாண்தகடாக விரிந்து, இமையினுள்ளே இருக்கும் உறுதியான தகட்டிற் பற்றிக்கொள்கின்றது. இத்தசை நம் விருப்பத்திற்கு இயங்குவது. கீழே பார்த்த கண் மேலே நோக்கும்போது, இமை ஏறத்தாழ 15 மில்லிமீற்றர் தூரம் பயணம் செய்வது இதன் வலிமையினாலேயே. இதன் அடியில் இன்னொரு சிறு தசையும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹைன்ரிக் மியுல்லர் என்னும் ஜேர்மானிய உடற்கூற்றறிஞரின் பெயரால் அது வழங்குகின்றது. அது நம் விருப்பத்திற்குக் கட்டுப்படாதது. அச்சம், வியப்பு முதலிய வேளைகளில் நம்மை அறியாமலே இமையை இரண்டு மில்லிமீற்றர் அளவு உயர்த்தி வைப்பது. இவ்விரண்டுக்கும் எதிராக, கண்ணைச் சுற்றி வளையமாக அமைந்த தசை இமையை மூடுகின்றது. ஆகவே இமை நிற்கும் உயரம் என்பது, மேலே இழுப்பனவும் கீழே இழுப்பனவும் தம்முள் ஒத்து நிற்கும் ஒரு சமநிலையேயாம்.

நேரே நோக்கும் கண்ணில், மேலிமை கருவிழியின் மேலோரத்தை ஒன்று அல்லது இரண்டு மில்லிமீற்றர் மறைத்து நிற்பது இயல்பு. கண்பாவையின் நடுவிலிருந்து இமையின் விளிம்பு வரை அளந்தால் நான்கு அல்லது ஐந்து மில்லிமீற்றர் இருக்கும். அளவு எவ்வளவு சிறியது என்பதைக் கவனியுங்கள். ஒரு மில்லிமீற்றர் வேறுபட்டாலே எதிரில் நிற்பவர் கண்டுகொள்வர். இரண்டு மில்லிமீற்றர் வேறுபட்டால் முகமே மாறித் தோன்றும்.

முதுமையில் வரும் தொய்வில், தூக்குகின்ற தசை பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றது. அதன் நாண்தகடுதான் நாட்பட நீண்டு மெலிந்து, பற்றியிருந்த இடத்திலிருந்து நெகிழ்ந்துவிடுகின்றது. துலாவினாலே நீர் இறைத்த காலத்தை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். துலா மிதிப்பவன் வலியவன், துலாவும் உறுதியானது, ஆனால் கயிறு நீண்டுவிட்டது. எவ்வளவு மிதித்தாலும் வாளி கிணற்றின் விளிம்புக்கு வந்து சேர்வதில்லை. வைத்தியர் செய்வது கயிற்றைச் சுருக்கிக் கட்டுவதுதான். இமையின் மடிப்பிலே கீறி, நெகிழ்ந்த நாண்தகட்டை முன்னே இழுத்து, இமைத்தகட்டிலே தைத்து விடுகின்றனர். இமையின் உட்புறமாகச் செய்யும் முறைகளும் உண்டு. 1961ஆம் ஆண்டில் பசனெல்லா, சேர்வற் என்னும் இருவர் வெளியிட்ட முறை அவற்றுள் ஒன்று.

தொய்ந்த இமை யாவும் கத்திக்கு உரியன அல்ல என்பதையும் இடையிலே சொல்லிவிடுகின்றேன். திடீரென்று இமை விழுந்து, பொருள்கள் இரண்டாகத் தோன்றினாலோ, கடுந் தலைவலி உடன் வந்தாலோ, ஒரு கண்ணின் பாவை மற்றதினும் விரிந்தோ சுருங்கியோ காணப்பட்டாலோ, அது நரம்பையோ இரத்தக் குழாயையோ பற்றிய அவசர நோயாக இருக்கலாம். அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். காலையில் நன்றாக இருந்து மாலையாக ஆகத் தாழும் இமை, தசைகள் விரைவிற் களைப்புறும் ஒரு நோயின் அடையாளமாகலாம். அதற்கு மருந்து வேறு.

இனி நம் பொருளுக்கு வருவோம். முதியவர்களுக்குச் செய்யும்போது, இமையை மட்டும் விறைக்கச் செய்து, நோயாளி விழித்திருக்கவே இச்சிகிச்சையைச் செய்வது பெருவழக்கு. தையலைத் தற்காலிகமாக இட்டபின், நோயாளியைக் கண் திறந்து பார்க்கச் சொல்வர். எழுப்பி இருத்தியும் பார்ப்பர். அப்பொழுது காணும் உயரம் மெய்யான உயரமா? அங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது. விறைப்பு மருந்தோடு, இரத்தக் கசிவைக் குறைக்க அதிரினலின் சேர்ப்பதுண்டு. அது மியுல்லரின் தசையைத் தூண்டி இமையை உயர்த்தும். விறைப்பு மருந்து மூடுகின்ற வளையத் தசையைச் செயலிழக்கச் செய்தால், எதிர்ப்பின்றி இமை இன்னும் சற்று உயரும். அதே மருந்து ஆழமாகப் பரவித் தூக்குகின்ற தசையைத் தொட்டுவிட்டாலோ, இமை தாழும். இவற்றையெல்லாம் கணக்கிட்டே, அனுபவம் வாய்ந்த வைத்தியர் பலர் வேண்டிய அளவினும் ஒரு மில்லிமீற்றர் அளவு உயர்த்தி வைக்கின்றனர். தையற்காரர், துவைத்தாற் சுருங்கும் என்று சட்டையைச் சற்றே பெரிதாகத் தைப்பது போன்றது இது. ஆனால் துணி எவ்வளவு சுருங்கும் என்பது தையற்காரருக்கு ஏறக்குறையத் தெரியும். இமையோ ஆளுக்கு ஆள் வேறுபடும்.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் வலக்கண்ணில் இச்சிகிச்சை செய்துகொண்டார். கணித ஆசிரியர் அல்லவா? ஒரு சிறு பயிற்சிப் புத்தகத்தில் நாள்தோறும் தம் இமையின் நிலையைக் குறித்து வந்தார். இரண்டாம் நாளில் வலக்கண் ஏறத்தாழ மூடியே இருந்தது. மூன்றாம் நாளில் இமை கத்தரிப்பூ நிறங்கொண்டு, கன்னம் வரை நிறம் இறங்கிற்று. ஏழாம் நாள் தையல் வெட்டப்பட்டபோது, இடக்கண்ணினும் வலக்கண் இரண்டு மில்லிமீற்றர் தாழ்ந்திருந்தது என எழுதியிருந்தார். பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் இட்டிருந்தார். பதினாறாம் நாளில் நிலை தலைகீழாயிற்று. வலக்கண் இடக்கண்ணினும் உயர்ந்து, திகைத்து நிற்பவரின் கண் போலத் தோன்றிற்று. மகள், 'அப்பா, இப்போது மற்றக் கண் அல்லவா விழுந்துவிட்டது' என்றாராம். அவர் அதனை வேடிக்கையாகச் சொன்னார். உண்மையிலே அவர் சொன்னதிற் பாதி சரி. அது எவ்வாறு என்பதைப் பின்னர் கூறுகின்றேன். பன்னிரண்டாம் கிழமையில் இரு கண்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு, அவருடைய அடிமட்டத்தினால் அளந்து கூற இயலாத அளவுக்குக் குறைந்திருந்தது.

இந்த ஏற்ற இறக்கத்திற்குக் காரணங்கள் பல. முதற்காரணம் வீக்கம். உடம்பிலுள்ள தோலில் மிக மெல்லியது இமைத் தோல். அதன் அடியிலுள்ள இழையமும் நெகிழ்வானது. ஆகையால் சிறு காயத்திற்கும் அங்கே நீர் எளிதிற் கோத்துக்கொள்கின்றது. வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாள்களில் மிகும். வீங்கிய இமை பாரமுடையது; அந்தப் பாரத்தைத் தூக்க வேண்டிய தசையும் கத்தியும் ஊசியும் பட்டுச் சோர்ந்திருக்கின்றது. எனவே முதற் கிழமையில் இமை தாழ்ந்திருப்பது தையல் கழன்றதற்கு அடையாளமென்று கொள்ளலாகாது. இரவு முழுதும் படுத்திருந்து எழும்போது நீர் முகத்திலே தங்கிவிடுவதால், காலையில் வீக்கம் கூடியும் மாலையிற் குறைந்தும் காணும். முதல் இரண்டு நாள்கள் குளிர் ஒற்றடம் இடுவதும், இரண்டு மூன்று தலையணை வைத்துத் தலையை உயர்த்தி உறங்குவதும் இதற்காகவே. பனிக்கட்டியை நேரே தோலில் வைக்கலாகாது. துணியிற் சுற்றியே வைக்கவேண்டும், விறைத்த தோல் குளிரின் தீங்கை உணராது. இமை மயிருக்கு அண்மையிலுள்ள தோல் பல கிழமைகள் உணர்ச்சி மங்கியிருப்பதும் உண்டு.

வீக்கம் வடியும்போது இமை எழுகின்றது. சிகிச்சை செய்த இமை மட்டும் எழுவதாக நாம் எண்ணுகின்றோம். ஆனால் அதே காலத்தில் மற்ற இமையில் என்ன நிகழ்கின்றது என்பதே சுவையான பகுதி. எவால்ட் ஹேரிங் என்னும் ஜேர்மானிய உடலியலறிஞர், 1868ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இரு கண்களின் பார்வையைப் பற்றி ஆராய்ந்தார். இரு கண்களும் ஒரே கடிவாளத்தால் ஓட்டப்படும் இரட்டைக் குதிரைகளைப் போல்வன. ஒன்றுக்கு மட்டும் தனியாகக் கட்டளை பிறப்பதில்லை என்பது அவர் கண்ட விதியின் சாரம். இமை தூக்கும் தசைகளுக்கும் இவ்விதி பொருந்தும். வலது இமை தொய்ந்திருந்த காலத்தில், அதனைத் தூக்குவதற்காக மூளை மிகுதியான கட்டளையை அனுப்பிக்கொண்டிருந்தது. அக்கட்டளை இடது இமைக்கும் சென்றது. ஆதலால் இடது இமை தன் இயல்புக்கு மேற்பட்டே உயர்ந்து நின்றது. சிகிச்சையினால் வலது இமை உயர்ந்து பார்வை தெளிந்ததும், மிகைக் கட்டளை தேவையற்றுப் போகின்றது. அப்பொழுது இடது இமை, இதுவரை மறைத்து வைத்திருந்த தன் தளர்ச்சியைக் காட்டிக் கீழிறங்குகின்றது. கணித ஆசிரியர் அளந்தது இரு கண்களுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டை மட்டுமே. அவர் கண்ட 'மிகை உயர்ச்சி'யில் ஒரு பங்கு வலது இமையின் உயர்ச்சி; மற்றப் பங்கு இடது இமையின் இறக்கம். அவர் மகள் சொன்னது பாதி சரி என்றது இதனாலேயே.

வைத்தியர் இதனை முன்னரே சோதித்துப் பார்ப்பதுண்டு. தொய்ந்த இமையை விரலினாலே தூக்கிப் பிடித்து, மற்ற இமை விழுகின்றதா எனக் கவனிப்பர். விழுமாயின் இரண்டிற்கும் ஒருங்கே சிகிச்சை செய்வதா என்று நோயாளியோடு பேசுவர். ஆயினும் இச்சோதனை எப்பொழுதும் வருங்காலத்தைச் சரியாகக் காட்டுவதில்லை.

புருவமும் இந்தக் கதையிற் பங்கு கொள்கின்றது. இமை தொய்ந்தவர் நெற்றியைச் சுருக்கிப் புருவத்தை உயர்த்தியே உலகைப் பார்க்கின்றனர். பல ஆண்டுப் பழக்கத்தினால் நெற்றியில் ஆழ்ந்த வரிகள் விழுகின்றன. இமை உயர்ந்தபின் அந்த உழைப்பு வேண்டாததாகிப் புருவம் தன் இடத்துக்கு இறங்குகின்றது. அதனோடு மேலிமைத் தோலும் இறங்கி மடிந்து தொங்க, 'இமை மறுபடியும் விழுந்துவிட்டது' என்று பலர் நினைத்துக்கொள்கின்றனர். விழுந்தது தோலின் மடிப்பேயன்றி இமையின் விளிம்பு அன்று. கண்ணாடியில் மடிப்பைப் பாராது விளிம்பைப் பார்த்தால் வேறுபாடு புலப்படும்.

இவற்றின் பின்னே மெல்ல நடைபெறுவது வடுவின் வேலை. தைத்த இடத்தில் உருவாகும் புதிய இழையம் முதலில் தடித்து இறுகும். பின்னர் மாதக்கணக்கில் இளகும். இறுகும் காலத்தில் இமையின் விளிம்பு ஓரிடத்தில் கூர்மையாக உயர்ந்தோ நடுவில் தட்டையாகவோ தோன்றலாம். வைத்தியர்கள் ஆறு கிழமையில் ஒருமுறையும், ஏறத்தாழ மூன்று மாதத்தில் ஒருமுறையும் பார்த்து, அதன் பின்னரே முடிவான உயரம் இது என்று கூறுவதற்கு இதுவே காரணம். அந்நாளில் இரு இமைகளுக்கும் ஒரு மில்லிமீற்றருக்கு உட்பட்ட வேறுபாடே இருந்தால், சிகிச்சை நன்கு பயனளித்தது என்று கொள்வர். பிறந்த நாள்தொட்டு இரு பாதியும் முற்றும் ஒத்த முகம் எவருக்கும் இல்லை. பழைய அடையாள அட்டைப் படத்தை எடுத்துப் பார்த்தால் இது விளங்கும்.

வீட்டிலே கவனிக்க விரும்புவோர், நாளுக்குப் பத்துமுறை கண்ணாடி பார்ப்பதை விடுத்து, கிழமைக்கு ஒருமுறை, ஒரே வேளையில், ஒரே வெளிச்சத்தில், நேரே நோக்கியவாறு கைத்தொலைபேசியிற் படம் எடுத்து வைக்கலாம். வைத்தியரிடம் செல்லும்போது வாய்ச்சொல்லிலும் அப்படங்களே பயன்படும்.

ஆனால், பொறுத்திருங்கள் என்று கூறுவதிலும் ஓர் எல்லை உண்டு. மூன்று மாதம் பொறுக்க வேண்டியது உயரத்தைப் பற்றிய தீர்ப்புக்கே, எல்லாவற்றுக்கும் அன்று. சிகிச்சை முடிந்த முதல் நாளிலோ அடுத்த நாளிலோ, கண்ணின் உள்ளே கடும் வலி எழுந்து, விழி முன்னே தள்ளி, பார்வை மங்குமாயின், விழிக்குப் பின்னால் இரத்தம் தேங்குகின்றது எனக் கொள்ளவேண்டும். அரிதாகவே நிகழ்வது; நிகழ்ந்தால் சில மணி நேரத்திற் பார்வையையே அழிக்கக்கூடியது. விடியட்டும் என்று காத்திராது அந்த இரவிலேயே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். சில நாள் கழித்துச் சிவப்பும் சூடும் சீழும் காய்ச்சலும் தோன்றினாலும் அன்றே காட்டவேண்டும்.

மிக உயர்ந்து நிற்கும் இமையும் அசட்டை செய்யத்தக்கதன்று. கண்ணை முற்றாக மூட இயலாதபோது, கருவிழியின் முன்னுள்ள ஒளிபுகும் படலம் உலர்ந்து புண்படலாம். உறுத்தலும் நீர் வடிதலும் வெளிச்சத்தைக் காணக் கூசுதலும் அதன் அறிகுறிகள். பகலில் துளிமருந்தும் இரவிற் களிம்பும் கொடுப்பது இதனைத் தடுப்பதற்கே. 'கண் நன்றாகத்தானே திறக்கிறது' என்று களிம்பைக் கைவிடுவது தகாது. தேவை ஏற்படின், முதல் ஒன்றிரண்டு கிழமைக்குள் தையலைத் தளர்த்தியோ, இமையைக் கீழ்நோக்கி மெல்ல நீவும் பயிற்சியைக் கற்பித்தோ வைத்தியர் உயரத்தைக் குறைப்பர். நீவுதலை எப்பொழுது, எவ்வளவு செய்வது என்பதை அவரே சொல்லவேண்டும். அயலவர் சொல் கேட்டு முதற் கிழமையில் இமையை இழுத்தால் தையல் இழையத்தை அறுத்துக்கொண்டு விலகிவிடும்.

குழந்தைகளின் நிலை சிறிது வேறு. பிறவித் தொய்வில் தசையே நன்கு வளராது நார்த்தன்மை அடைந்திருக்கின்றது. அது சுருங்கவும் மாட்டாது, நன்கு நெகிழவும் மாட்டாது. ஆகவே சிகிச்சையின் பின்னர், கீழே பார்க்கும்போது அந்த இமை மேலேயே தங்கி நிற்கும். உறக்கத்தில் கண் சிறிது திறந்திருக்கும். இதனைக் கண்டு தாய்மார் அஞ்சுவது இயல்பு. ஓரளவு இது எதிர்பார்க்கப்படுவதே. மாதங்கள் செல்லச் செல்லக் குறையக்கூடியது. ஆனால் அதுவரை இரவுக் களிம்பு தவறலாகாது. தசை மிகவும் வலுவிழந்த பிள்ளைகளுக்கு, தொடையிலிருந்து எடுத்த நாரிழையத்தாலோ சிலிக்கோன் இழையாலோ இமையை நெற்றித் தசையோடு இணைத்துத் தொங்கவிடுகின்றனர். அப்பிள்ளை புருவத்தை உயர்த்தி இமையைத் தூக்கப் பழகும் வரை, இமையின் உயரம் நாழிகைக்கு நாழிகை மாறுவதாகவே தோன்றும்.

ஆசிரியர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. இமை தொய்ந்த பிள்ளை, கரும்பலகையைப் பார்ப்பதற்கு நாடியை உயர்த்தித் தலையைப் பின்னே சாய்க்கும். அதனைச் செருக்கென்றும் அசட்டையென்றும் கருதி, 'ஒழுங்காக இருந்து பார்' என்று கடிவோரை நான் கண்டிருக்கின்றேன். அந்தப் பிள்ளைக்குத் தலை நிமிர்வதன்றி வேறு வழியில்லை. பாவையை மறைக்கும் இமையைக் கவனியாது விட்டால், அக்கண்ணின் பார்வை வளராமலே மங்கிவிடக் கூடும். ஆகையால் முதலிற் கண்டுகொள்ள வேண்டியவர் பெற்றோரும் ஆசிரியருமே. சிகிச்சை முடிந்து, ஒரு கண் பெரிதும் ஒரு கண் சிறிதுமாகப் பிள்ளை வகுப்புக்குத் திரும்பும் நாளில், உடன் பயிலும் பிள்ளைகளுக்கு இரண்டு நிமிடம் காரணத்தை விளக்கிச் சொன்னாற் போதும். பிள்ளைகள் விளக்கம் கேட்டால் நகைப்பதை விட்டுவிடுவர். இது என் நீண்டகால அனுபவம்.

இறுதியாக, மூக்குக்கண்ணாடி அணிவோர் பலர் கேட்கும் ஒன்று. இமை விழியின் மீது அழுத்துகின்ற அளவு மாறும்போது, ஒளிபுகும் படலத்தின் வளைவும் சிறிது மாறுகின்றது. அதனால் பழைய கண்ணாடி பொருந்தாதது போலத் தோன்றலாம். உடனே சென்று புதிய கண்ணாடி செய்வித்தால், இமை நிலைபெறும் காலத்தில் அதுவும் பொருந்தாது போகும். இரண்டு மூன்று மாதம் பழைய கண்ணாடியையே அணிந்திருந்து, இமையின் உயரம் உறுதிப்பட்ட பின்னர் கண்ணைச் சோதித்துப் புதியது பெறுவதே சிக்கனமும் பொருத்தமும் ஆகும்.